இடுப்பளவு உளை

பணி ஓய்வு பெற்றதும் டவுனில் இருந்த செக்காலை வீட்டை விற்றுவிட்டு, கண்டனூருக்கு அப்பால் ஆற்றோரம் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிபோனோம். கிராம வரைபடத்தில்தான் அது ஆறு. நேரில் பார்த்தால் கோரையும் சம்பும் மண்டிய சதுப்பு. நடுவில் எங்கோ தண்ணீர் நகரும். இயற்கையோடு வாழப்போகிறோம் என்றேன். என் மனைவி கதவிடுக்கில் பாம்பு வராமல் சாக்கை அடைத்தாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலையில், கோரைக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று கூடு கட்டியிருப்பது தெரிந்தது. செல்போனில் படம் எடுக்க உள்ளே போனேன். நாலாவது அடியில் தரை இல்லை, உளைச் சேறு. முழங்கால் வரை இறங்கினேன். வலது காலை இழுத்தேன்; இடது கால் இடுப்பு வரை போயிற்று. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன், காரணம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

கூப்பிட்டேன். மனைவி கரைக்கு வந்தாள்.

“அங்குட்டு ஏன் போனீக?”

“படம் எடுக்க.”

“எடுத்தாச்சா?”

“இல்ல.”

துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கிளிப்புகளோடு அவிழ்த்து வந்து வீசினாள். இழுத்தாள். நான் நகரவில்லை, அவள்தான் என்னை நோக்கி இரண்டடி வந்தாள். “விட்ரு” என்றேன். விடவில்லை. கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சத்தம் கேட்டு, பக்கத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தாள்.

“சார், மல்லாக்கப் படுத்துருங்க.”

“மூழ்கிற மாட்டேனா?”

“ஆட ஆடத்தான் இறங்குவீக. படுத்தா மிதப்பீக.”

கோரையை அறுத்துக் கட்டுக்கட்டாக என் பக்கம் போட்டாள். அதன்மேல் சாய்ந்து படுத்தேன். வானம் சுத்தமாக இருந்தது. இருவரும் இழுக்க, கால்கள் ஒவ்வொன்றாக, மனமில்லாமல் வெளியே வந்தன. வேட்டி வரவில்லை.

மனைவி துண்டை என்மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பெண் எருமைகளைப் பார்ப்பதுபோல அங்குட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம், “செக்காலைக்கே வாடகைக்குப் போயிருவமா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு நடக்கத் தெரியல. அதுக்கு வீடு என்ன செய்யும்?” என்றாள்.

மறுநாள் அவளே அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசியிருக்கிறாள். கோரைக்குள் எருமைகள் முன்னால் போயின. பின்னால் அந்தப் பெண், அடுத்து என் மனைவி, கடைசியில் நான். எருமை மிதித்த இடத்தில் மட்டும் கால் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.