கடப்படியில் கெமரா

பட்டப்பகலில் எங்கள் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஐஸ் போதை அடிக்கிற பொடியன்களின் வேலை என்றது ஊர். கல்முனைப் பக்கம் இப்போது காணாமல் போகிற எல்லாவற்றுக்கும், கோழி உட்பட, அந்தப் பொடியன்கள்தான் பொறுப்பு. எனக்கு மோட்டர் போனது கவலை. கட்டாரில் இருக்கும் என் கணவருக்கோ நித்திரையே போயிற்று. மகளும் கம்பஸ் விடுதியில். "நீ தனிய இரிக்காய் புள்ள" என்று சொல்லிச் சொல்லியே, ஆள் பிடித்து, பின்வளவைப் பார்க்க ஒரு கெமரா பூட்டுவித்தார். வளவில் காகம் பறந்தாலும் அவருடைய போனில் தெரியும்.

ஆனால் நான் தனியே இருந்ததேயில்லை. பக்கத்து வீட்டு ராத்தா என் பெரியம்மாவின் மகள். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். ஒரே வளவைப் பிரித்து இருவருக்கும் கட்டித் தந்தார்கள். நடுவே மதில் எழும்பியபோதும் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு விட்டார்கள். அது பெண்களின் வழி. ஆண்கள் முன்கேற்றில் நின்று செருமிவிட்டுத்தான் வருவார்கள். ராத்தா குளித்த தலையோடு, முக்காடில்லாமல், வீட்டுக் கவுனோடு கடப்பால் வருவா. அசர் தொழுகைக்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்வார்கள். என் பின்பக்கக் குசினி வாசலில் மீன் வெட்டு, ஊர்க்கதை, சிரிப்பு. கள்ளன்கூட நாங்கள் ஆளுக்கொரு அடுப்படியில் நின்ற நேரம் பார்த்துத்தான் வந்தான்.

கெமரா கள்ளனைப் பார்க்க என்றே நினைத்திருந்தோம். அது எங்களையும் பார்க்கும் என்று ஒருத்திக்கும் ஓடவில்லை.

ஒருநாள் கணவர் கதைத்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் சத்தமாகவே கிடந்தது. திடீரென்று சிரித்தபடி கேட்டார்: "ராத்தா கழுவுற என்ன மீன் புள்ள, சூடையா?"

பாவம், ஊர் மீனைக் கண்ட ஆசை. ராத்தாவின் கை அப்படியே நின்றது. ஈரக் கையால் கவுனை இழுத்துத் தலையை மூடப் பார்த்தா, எட்டவில்லை. மீன்சட்டியை விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டா. நானோ சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு ராத்தா அபாயா போட்டு முன்கேற்றால் வந்தா. ஹோலில் கதிரை நுனியில் இருந்து, சுகம் விசாரித்துவிட்டுப் போனா. மற்றவர்கள் அதற்கும் வரவில்லை. கெமராவைத் திருப்பச் சொன்னேன். "கள்ளன் அந்தப் பக்கத்தாலதானே வாறான்? நான் ஒண்டும் பாக்கிறல்ல" என்று சத்தியம் செய்தார். நல்ல மனுசன்தான். அதை வைத்து என்ன செய்வது?

ஒரு காலை அவருடைய அழைப்பு. "கதவப் பூட்டு புள்ள! மதிலால ஒருத்தன் குதிச்சிட்டான்!"

பூட்டினேன். ஜன்னலால் "ராத்தா! ராத்தா!" என்று கத்தினேன். அவர் கட்டாரில் கத்தினார். வந்தவன் அவசரமே இல்லாமல் வெளியே இருந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் போன பிறகுதான் ராத்தா மூச்சு வாங்க முன்கேற்றில் நின்றா.

"அபாயாவத் தேடிப் போட்டுட்டு வாறத்துக்குள்ள போயிட்டானே தங்கச்சி" என்று அழுதா. முன்பென்றால் என் முதல் சத்தத்துக்கே கையில் அகப்பையோடு கடப்பால் பாய்ந்திருப்பா.

அந்தக் கிழமையே கெமராவைக் கழற்றுவித்தேன். கணவர் கோபித்தார், கோபிக்கட்டும். ராத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கழட்டினா மட்டும் பாத்தது இல்லண்டு ஆகுமா? அவரு லீவுல வந்தா நான் எந்த முகத்தோட அவருக்கு முன்னால வாற?" என்றா. கோபமில்லை; வெட்கம். கோபம் என்றால் காலைப் பிடித்தாவது ஆற்றியிருப்பேன்.

பெருநாளைக்கு அவர் லீவில் வருகிறார். அந்த மாதம் முழுக்க ராத்தா மகன் பெண் எடுத்த வீட்டில் போய் இருக்கப்போகிறாவாம். எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் மருமகளின் வீட்டில் போய் அப்படித் தங்கமாட்டாள். என் வீட்டுக்காரரின் கண்ணில் படாமல் இருக்க அவ அதையும் செய்யப்போகிறா.