பதில் என்று எடுத்துக்கொண்ட சத்தம்

ஹில்டாவுக்கு அந்தச் சத்தம் முதல் நாளே பிடிக்கவில்லை. டிக், டிக். பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் நெம்புகிறவன் போடும் சத்தம் மாதிரி இருந்தது.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி. சொந்தமாக ஓர் ஓடுபாதை, விமானங்கள் நிற்க ஒரு தகரக் கொட்டகை, மாடியில் ஒரு கண்ணாடி அறை. அந்த அறைக்கு டவர் என்று பெயர். பெரிய விமான நிலையங்களில் விமானங்களை இறக்கியும் ஏற்றியும் ஓய்வுபெற்ற ஹில்டா, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

டவரிலிருந்து சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரிதானா என்று டவரில் இருப்பவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். பறக்கிறவருக்கும் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவே வேறு பிடிமானம் கிடையாது.

இங்கே அது ஒழிந்து போயிருந்தது. தலைமைப் பயிற்சியாளன் ஹேமந்த் வாயைத் திறப்பதே இல்லை. எது சொன்னாலும் மைக் பொத்தானை இரண்டு தரம் அழுத்திவிடுவான். டிக், டிக். கேட்டது, சரி, ஆளை விடு என்று அர்த்தம். இன்னொரு பயிற்சியாளன் லாய்டும் அப்படியே. மாணவர்கள் வந்த புதிதில் எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருப்பிச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் வாய் மூடிக்கொள்ளும். வாய்விட்டுப் பேசுவது கற்றுக்குட்டி லட்சணம்.

ஹில்டா கேட்டுப் பார்த்தாள்.

"கேப்டன், பேரைச் சொல்லிப் பதில் சொல்லுங்க. வெறுமனே தட்டினா யாருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஏன்ரீ மேடம், இது பெங்களூர் ஏர்போர்ட்டா? இருக்கிறதே நாலு பிளேன். சுத்தி கரும்புக் காடு. ஜெபமாலை சொல்றதெல்லாம் சர்ச்சில வெச்சுக்குங்க."

லாய்ட் சத்தமாகச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் கைகூப்பி நிற்கிறவன் அவன்.

ஒரு மாதம் சண்டை போட்டாள். பிறகு அலுத்துவிட்டது. டிக் டிக் கேட்டதும் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். ஹேமந்தின் தட்டு வேகமானது, லாய்டினுடையது கொஞ்சம் இழுவை என்றுகூடப் பழகிக்கொண்டாள். அதைத் திறமை என்று நினைத்தாள்.

தாரணி ஒருத்திதான் கடைசிவரை மாறவில்லை. அவள் அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், கட்டடங்களுக்கு சென்ட்ரிங் அடிக்கிறவர். கன்னடப் பள்ளியில் படித்த பெண்ணுக்குத் தமிழ் பாதி, கன்னடம் பாதி. ரேடியோவில் மட்டும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். கொட்டகையில் அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்திருந்தார்கள். "கிளி, கொய்யாப்பழம் வேணுமா?" என்பான் ஹேமந்த்.

அன்று காலை மேகம் தாழ்வாக இருந்தது. தாரணி தனியாக ஓட்டிக்கொண்டு இறங்க வந்தாள். ஹில்டா இறங்கச் சொன்னாள். தாரணி முழுக்கத் திருப்பிச் சொன்னாள். தெற்கே பறந்துகொண்டிருந்த லாய்டை ஹில்டா அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னாள், பதில் இல்லை. அதற்குள் ஹேமந்தின் விமானம் ஒரு மாணவனோடு ஓடுபாதையின் விளிம்புக்கு வந்துவிட்டது. அங்கேயே நில், ஒரு விமானம் இறங்குகிறது என்றாள்.

டிக், டிக்.

ஹில்டா பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றப் போனாள்.

தட்டியது லாய்ட். முன்பு சொன்னதற்கு இப்போதுதான் பதில். ஹேமந்த் எதையும் கேட்கவே இல்லை. ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டுப் பக்கத்திலிருந்த மாணவனைத் திட்டிக்கொண்டிருந்தான். திட்டியபடியே ஓடுபாதைக்குள் ஏறினான்.

ஹில்டா தலைநிமிர்ந்தபோது இரண்டு விமானங்களும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. "தாரணி, மேலே போ! இறங்காதே!" என்று கத்தினாள். அவள் கத்துமுன்பே அந்தப் பெண் விமானத்தைத் தூக்கிவிட்டிருந்தாள். சக்கரங்கள் ஹேமந்தின் வாலுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் போயின. "மேலே போகிறேன், இறங்கவில்லை" என்று ரேடியோவில் தாரணியின் குரல் வந்தது.

மத்தியானம் ஹேமந்த் ஹில்டாவையும் லாய்டையும் தன் அறைக்குக் கூப்பிட்டான். மேஜைமேல் பொட்டலம் விரித்து, வெங்காயம் போட்ட சுருமுரிப் பொரி தின்றுகொண்டிருந்தான்.

"அந்தத் தட்டு என்னோடது இல்ல" என்றான்.

"என்னோடதும் இல்ல" என்றான் லாய்ட், ஜன்னலைப் பார்த்து.

"அப்போ வானத்திலிருந்து யார் தட்டினது? றெக்கை வெச்ச சம்மனசா?" என்றாள் ஹில்டா.

"விடுங்க மேடம், அதை. நாளைக்கு அரசாங்கத்திலிருந்து ஆபீசர் வர்றாரு. அந்தப் பொண்ணு, முன்னாடி பிளேன் நிக்கிறதைப் பார்த்தும், ரொம்பக் கீழ வரைக்கும் வந்தா. அவசரக்காரி, தனியா ஓட்ட லாயக்கில்லைன்னு சொல்லிடுவோம். வீட்டுக்குப் போகட்டும். உங்க பேரும் வராது, எங்க பேரும் வராது. ஆயித்தா?"

அவன் மோவாயில் ஒரு துண்டு வெங்காயம் ஒட்டியிருந்தது. பேசும்போது அது ஏறி இறங்கியது. உங்க பேரும் வராது என்றதும் நெஞ்சு ஒரு கணம் லேசானதற்காக ஹில்டா தன்னையே வெறுத்தாள். வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள்.

மறுநாள் அதிகாரி கேட்டார். "ஹேமந்தை நிற்கச் சொன்னீங்க. பதில் வந்ததா?"

"வரல சார். சத்தம்தான் வந்தது. அவரோடதுன்னு நானா எடுத்துக்கிட்டேன். இங்க எல்லாரும் தட்டுறதோட சரி. நானும் அதுக்கு ஒத்துப்போனேன். சொன்னதைத் திருப்பிச் சொன்னது அந்தப் பொண்ணு மட்டும்தான். அவ தூக்கலைன்னா இன்னிக்கு நீங்க வேற வேலையா வந்திருப்பீங்க."

"ஏனு மேடம்!" என்று ஹேமந்த் எழுந்தான். அதிகாரி அவனை உட்காரச் சொன்னார்.

தாரணி தொடர்ந்து பறக்கலாம், வேறு பள்ளிக்குப் போய் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். விசாரணை முடியும்வரை ஹேமந்தும் லாய்டும் விமானத்தைத் தொடக்கூடாது. ஹில்டா மைக்கைத் தொடக்கூடாது.

அடுத்த நாள் பஸ் நிறுத்தத்தில் தாரணி பையோடு நின்றிருந்தாள். ஹில்டா போய்ப் பக்கத்தில் நின்றாள். அந்தப் பெண் நன்றி சொல்வாள், பெரிதுபடுத்தாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபடியே நடந்து வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, நேத்து நிஜ சொன்னீங்க. ஒள்ளேது, நல்லதுதான்" என்றாள் தாரணி. சாலையைப் பார்த்தே பேசினாள். "ஆனா தினா அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? யாகே சும்மா இருந்தீங்க?"

"சொல்லிப் பார்த்தேம்மா. அவங்க கேக்கல."

"கேக்கலைன்னா டேக் ஆஃப் குடுக்காம நிறுத்தியிருக்கலாமல்லா? மைக் உங்க கையில இருந்துச்சு. என்னைக் கிளின்னு சொல்லறப்போ நீங்களும்தான் சிரிச்சீங்க."

சிரித்தது உண்மைதான்.

பஸ் வந்தது. தாரணி ஏறிப் பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். கண்டக்டர் படியிலிருந்து, "மைசூர், மைசூர், பர்ரீ அம்மா" என்றான்.

"நீங்க போங்க" என்றாள் ஹில்டா கண்டக்டரிடம்.