கறுப்புக் கட்டத்துக்குள் அண்ணி

அண்ணியின் முகத்தை முதன்முதலாகச் சுவரில் பார்த்தபோது பசை இன்னும் காயவில்லை. எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பக்கச் சுவர் அது. வெள்ளைத் தாள், கறுப்பு மை, நடுவில் அண்ணி. நேராகப் பார்க்கிற கண்கள், சிரிக்காத வாய், வகிடெடுத்து இறுக்கிச் சீவிய தலை. சுற்றிலும் விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கட்டம். பசை வழிந்து கன்னத்தில் கோடாக இறங்கியிருந்தது. துப்பட்டா நுனியால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். அந்தப் போஸ்டரைச் செய்தவள் நான். மைசூரில் அன்றைக்கு என்னைவிடத் தலைக்கனம் பிடித்தவள் வேறொருத்தி இருந்திருக்க முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் ஹனூர்க்காரர்கள். அண்ணன் மைசூரில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, ராமாபுரத்தில் பெண்ணெடுத்து, ஒரு லைன் வீட்டில் குடித்தனம் வைத்தான். நான் டிகிரி படிப்பதற்காக அவர்களோடு வந்து ஒட்டிக்கொண்டேன். அண்ணி ஊதுபத்திக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போனாள். அவள் கையால் பிசைந்த ரசஞ்சோற்றிலும் சந்தன வாசம் லேசாக இருக்கும், அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டே இரண்டாம் முறை சோறு கேட்பான். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் யாராலும் அவளை அசைக்க முடியாது. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும் என்பது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது.

பத்திரிகையியல் வகுப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுப்பதாக முடிவானது. கன்னடப் படம். வகுப்பில் எல்லோரும் 'டைரக்டர்' என்றே அழைத்த ஒரு பையன்தான் கதையும் எழுதினான். படத்தின் பெயர் 'எரடு பீக', அதாவது இரண்டு பூட்டு. ஒரே வாசல் உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டு அந்த ஒரு கதவுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போடுகின்றன. தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறவள் தன் பூட்டைத் திறந்தாலும் உள்ளே போக முடியாமல் மழையில் நிற்கிறாள். இவ்வளவுதான் கதை. காமிராவைக் கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவரிடம் வாடகைக்கு வாங்கினோம், கூடவே அவரும் வந்தார். பழக்க தோஷத்தில் யாரைக் காட்டினாலும் முகத்திலிருந்து மெல்ல இறங்கிக் கழுத்து நகையில் போய் நின்றுவிடுவார். அவரை முகத்திலேயே நிறுத்தி வைப்பதற்குள் டைரக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

படப்பிடிப்பு எங்கள் லைன் வீட்டிலேயே நடந்தது. நாடகக் குழுவிலிருந்து வரவேண்டிய பெண் கடைசியில் வரவில்லை. வேறொருத்தியைப் பிடித்து வந்தோம், இடுப்பில் குடத்தோடு பூட்டைத் திறக்க அவளுக்கு வரவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, குடத்தை வாங்கி இடுப்பில் வைத்து, சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் பூட்டைத் தூக்கித் திறந்து காட்டினாள். திறந்த பிறகு இன்னொரு பூட்டைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளாகவே பார்த்தாள்.  டைரக்டர் நேராக என்னிடம் வந்து, உங்கள் அத்திகெயே, அதாவது அண்ணியே நடிக்கட்டும், கேட்டுச் சொல் என்றான்.

இங்கேதான் சிக்கல். அண்ணியின் அப்பாவுக்கு வேஷம் கட்டுவது என்றாலே ஆகாது. அவருடைய தம்பி ஒருவர் கூத்துக் குழுவோடு போனவர் திரும்பி வரவேயில்லையாம். அண்ணி பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஆடப்போனபோது, மேடையேறி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் அவர். வேஷம் கட்டினால் என் வாசலை மிதிக்கக்கூடாது என்று அன்றைக்கு அவர் சொன்னதை அண்ணி மறந்ததில்லை. மற்றபடி மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். மாதம் தவறாமல் யார் கையிலாவது ராகியும் நிலக்கடலையும் கொடுத்தனுப்புவார். தெரிந்தால் அண்ணிக்குத் தாய்வீடு இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அண்ணன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அண்ணி ஒரு பொழுது யோசித்தாள். மறுநாள் காலையில் குடத்தோடு காமிராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

விளம்பர வேலை என் பொறுப்பு. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கைநோட்டீஸ், துணிப் பேனர், சுவருக்குப் போஸ்டர். பல வண்ணத்துக்கு எங்கள் கைக்காசு போதாது, அதனால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரே மை. பூட்டுப் படம் போடலாம் என்றான் டைரக்டர். நான் அண்ணியின் முகம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். படத்தில் இருந்ததே அந்த முகம்தான். அண்ணியிடம் போய்ச் சொன்னபோது அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"மூஞ்சியப் போட்டா பேரையும் போடோணும். யாரோ ஒரு பொம்பளைன்னு செவுத்துல நிக்க மாட்டேன்."

உங்கப்பனுக்குத் தெரிந்தால் என்ன செய்வாய் என்று அண்ணன் கேட்டான். ராமாபுரத்துச் சுவரிலா ஒட்டப்போகிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கல்லூரிப் பக்கம் மட்டும் ஒட்டுவது, ஊர்ப் பஸ்கள் வந்து நிற்கும் பஸ் ஸ்டாண்டு பக்கமே போவதில்லை என்று பேசி முடித்தோம்.

தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சுக்காரரிடம் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகையும், செத்தவர்களுக்கு ஒட்டும் சிரத்தாஞ்சலிப் போஸ்டரும்தான் அவருக்குத் தொழில். ஒரே முகம் என்றால் அவர் கைக்குத் தெரிந்தது ஒரே அமைப்புத்தான். முகத்தை நடுவில் வைத்தார், அடியில் பெயர், அதற்கும் அடியில் கொட்டை எழுத்தில் தேதியும் நாலு மணி என்பதும், சுற்றிலும் கட்டம். படத்தின் பெயரை மேலே எழுதினார். கட்டம் எதற்கு என்று கேட்டேன், எடுப்பாக இருக்கும் என்றார். உண்மையிலேயே எடுப்பாகத்தான் இருந்தது. கன்னடம் படிக்கத் தெரிந்த எவருக்கும் அதில் சந்தேகம் வராது. படிக்கத் தெரியாதவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது எங்கள் படித்த மூளைகள் ஒன்றுக்கும் எட்டவில்லை.

டைரக்டரின் சிநேகிதர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மிஞ்சிய போஸ்டர்களை எடுத்துக்கொண்டு போய், கூட்டம் அதிகம் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரிலேயே வரிசையாக ஒட்டிவிட்டு வந்தார்கள். அன்று மதியம் ராமாபுரத்து மிளகாய் வியாபாரி ஒருவர் கொள்ளேகால் பஸ்ஸுக்காக அங்கே நின்றிருக்கிறார். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர், எண் மட்டும் படிப்பார். தெரிந்த முகம், கறுப்புக் கட்டம், நாளைய தேதி, நாலு மணி. இழவுச் சேதியைத் தாமதிக்கக்கூடாது என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய், அண்ணியின் அப்பாவிடம் நேரில் சொல்லிவிட்டார். நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

திரையிடும் நாள். அண்ணி அரை நாள் லீவு போட்டிருந்தாள். நான் பேனரைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. லைனில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அந்தக் குரலைக் கேட்டு, யாரென்று தெரியாமலே அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தலைவிரிகோலமாக வந்துகொண்டிருந்தது அவளுடைய அம்மா. பின்னால் சொந்தக்காரப் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணியின் அப்பா. அம்மா வாசலில் நின்றவளைக் கட்டிக்கொண்டு, என்னை விட்டுட்டுப் போயிட்டியே என்று அவள் தோளிலேயே இரண்டு அடி பாடி முடித்த பிறகுதான் யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்தார். பாட்டு நின்றது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. சிரித்தவர்களும் அழுதவர்களும் ஒரே ஆட்களாக இருந்தார்கள்.

அண்ணியின் அப்பா மட்டும் அசையாமல் நின்றார். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். செவுத்துல ஒட்டியிருக்குதுன்னு சொன்னானே என்றார், யாரிடம் என்றில்லாமல். நான் ஏதாவது ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன், சத்தியமாக. ஒரே பெயரில் வேறொரு பெண் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணி அதற்கு இடம் கொடுக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அது என்ற போட்டோதானுங்கப்பா. நான் ஒரு படத்துல நடிச்சிருக்கறனுங்க. அதுக்கு ஒட்டுன நோட்டீஸு."

லைன் முழுக்க வாசலில் நின்றது.  அவர் துண்டை உதறித் தோளில் போட்டார், தூணைப் பிடித்து உட்கார்ந்தார். 

"நாலு மணின்னு போட்டிருக்குதாமே. அது படத்துக்கா?"

"ஆமாங்கப்பா."

"அப்பச் சோத்தப் போடு சாமி. நாலு மணிக்குப் போலாம்."

விடியுமுன் முதல் பஸ் ஏறி, ஹனூர், கொள்ளேகால், நரசிபுரம் என்று வழியெல்லாம் மகளைச் சாகக்கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அதற்குமேல் கோபப்பட அவரிடம் என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். மூன்று பேர் சோற்றை அத்தனை பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள், லைனில் ஆளாளுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்தார்கள். செய்தி கேட்டுப் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்த அண்ணனுக்கு மட்டும் சோறு இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணியின் அம்மா ஒரு துணி மூட்டையை யாருக்கும் தெரியாமல் மூலையில் தள்ளினார். அண்ணி விடவில்லை, பிரித்துப் பார்த்தாள். இறந்துபோன மகளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற கோடிச் சேலை. அரக்கு நிறத்தில் நல்ல ஜரிகை. ஒரு தீபாவளிக்காவது எனக்கு இப்படி எடுத்திருக்கிறீர்களா என்று அவள் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அதைத் தொடாதே, ஆகாது என்று அம்மா பதறினார். புதுச் சேலையை மூட்டை கட்டி வைப்பதற்கா கொண்டுவந்தீர்கள் என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா வாய்க்குள் திட்டியபடியே மஞ்சளைக் குழைத்து முந்தானை ஓரத்தில் தடவினார். தடவிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அண்ணி அவ்வளவு அழகாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கல்லூரி வாசலில் போஸ்டரைப் பார்த்ததும் பெண்களுக்கு மறுபடி அழுகை வந்தது. அம்மா இடுப்பிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து, சுவரில் இருந்த மகளின் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு சிவப்பு. டைரக்டர் ஓடிப்போய் எங்கிருந்தோ சிவப்பு மை கொண்டுவந்தான். படம் தொடங்குவதற்குள் நாங்கள் சைக்கிளில் அலைந்து எட்டிய சுவருக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்தோம். அந்தப் பொட்டுக்காகவே போஸ்டரை நின்று பார்த்ததாகப் பிறகு பலர் சொன்னார்கள்.

படம் நடந்த நேரமெல்லாம் நான் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியின் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கன்னடம் பேச்சளவில் தெரியும். அண்ணி மழையில் குடத்தோடு நின்ற இடத்தில் அவர் எழுந்தே நின்றுவிட்டார், பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். எங்கள் பேராசிரியர் இறங்கி வந்து, நீங்கள் யார் என்று அவரிடம் மரியாதையாகக் கேட்டார். அவர் அரக்குச் சேலையைக் கை காட்டி, அவளைப் பெத்தவனுங்க என்று தமிழிலேயே சொன்னார்.

ஊருக்குப் போன பிறகு அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. சேதி அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவிவிட்டதால் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். அவர் ஒருவரையும் வாசலோடு அனுப்பவில்லையாம். உட்காரவைத்து, காப்பி கொடுத்து, படத்தின் கதையை முதலிலிருந்து சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அண்ணி இதைச் சொல்லும்போது அலட்சியம்போல உதட்டைச் சுழிப்பாள், ஆனால் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

விளம்பரம் செய்வதே பின்னாளில் எனக்குப் பிழைப்பாகிவிட்டது. பெங்களூரில் உட்கார்ந்து எத்தனையோ வண்ணத்தில் எத்தனையோ செய்தாகிவிட்டது, அந்த ஒற்றை மைப் போஸ்டர்போல எதுவும் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. படம் இப்போது இல்லை. இருந்த ஒரே கேசட்டில் பூஞ்சை படிந்து, எங்கே கொடுத்தும் மீட்க முடியவில்லை. டைரக்டருக்கு அதில் தீராத வருத்தம். அண்ணியின் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ராமாபுரம் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் நான் மைசூரில் படித்தவள் என்று தெரிந்ததும், இந்த ஊர்ப் பெண் ஒருத்தி அங்கே படத்தில் நடித்தாளே, தெரியுமா என்று கேட்டாள். நீங்கள் பார்த்தீர்களா என்றேன். யாரும் பார்த்ததில்லை, அவளைப் பெற்ற பெரியவர் சொல்லி ஊருக்கே தெரியும் என்றாள். இலையில் சோறு ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கதையைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு கதவு, இரண்டு பூட்டு, மழை, குடம். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"கடைசில அந்தப் புள்ளையோட அப்பன் மொத பஸ்ஸுல வந்து எறங்கி, ரெண்டு பூட்டையும் ஒடச்சு, அவள உள்ள கூட்டிட்டுப் போவாருங்க."

எங்கள் படத்தில் அப்பா என்று ஒரு பாத்திரமே கிடையாது. ஆமாங்க, அப்படித்தான் முடியும் என்றேன்.