மூன்றரை மணிச் சாப்பாடு

எங்கள் வீட்டில் ஒரு பச்சை டைம்பீஸ் இருந்தது. ராத்திரி சாவி கொடுத்தால் மறுநாள் ராத்திரி வரை ஓடும். பட்டாசல் என்கிற முன்கூடத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். ஒருநாள் காலையில் அதைக் காணோம். அப்பா ஆபீசுக்குக் கிளம்பும் நேரம், வீடே அமளிதுமளிப்பட்டது. கடைசியில் பார்த்தால் அடுக்களையில், உப்புச் சாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவில் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தைதான் கொண்டுபோய் வைத்திருந்தாள். "மிஸ் வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்கல்லா? எத்தன மணிக்கு என்னென்ன செய்யுதோம்னு பாத்துட்டு வரணுமாம்" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். "தொணைக்குப் போறவளுக்கு என்னத்துக்கு வீட்டுப்பாடம்?"

அப்பா கேட்டதில் நியாயம் உண்டு. இங்கிலீஷ் படிக்கப் போனது நான். தொண்ணூறுகளின் நடுவில், பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். போன இடத்திலெல்லாம் இங்கிலீஷில் இரண்டு கேள்வி கேட்பார்கள், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் சாயங்கால வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்த்துவிட்டார்கள். டவுனிலிருந்து பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டிப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்ப வேண்டும். வயசுப்பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? அதனால் அத்தையும் கூட வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருடம் மாமா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயதிருக்கும். அவளை யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பண்டிகைக்குச் சேலை எடுப்போம், கோயிலுக்குக் கூட்டிப்போவோம். அடுக்களை மட்டும் முழுக்க அவளுடையது. அது அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், நானும்தான்.

வகுப்பு எடுத்த மிஸ் அத்தையைவிட இளையவர். முதல் நாள் அத்தை கடைசி பெஞ்சில் மஞ்சப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். மிஸ் நேரே அவளிடம் போனார். "தொணைக்கு வந்தவங்களுக்கு ஃபீஸ் கெடையாது. ஆனா பெஞ்சில உக்காந்தா பதில் சொல்லணும்." அத்தை என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றைக்கு அவள் தன் பெயரை மட்டும் சொன்னாள், அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாடமெல்லாம் சைக்ளோஸ்டைல் தாளில் வரும். முதல் மாதம் உடல்நலம். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள். சவூதிக்குப் போகக் காத்திருந்த மேலப்பாளையத்து எலக்ட்ரீஷியன் ஒருவர், தினமும் முட்டையும் பாலும் ஆப்பிளும் சாப்பிடுவதாக அளந்துவிட்டார். நான் ஆற்றங்கரை வரைக்கும் நடப்பதாகச் சொன்னேன். நான் நடந்ததெல்லாம் பஸ் நிறுத்தம் வரைக்கும்தான். இங்கிலீஷ் சரியாக இருந்தால் போதும், உண்மையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அத்தைக்கு அந்த சூட்சுமம் தெரியவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றே நினைத்தாள்.

டைம்பீஸ் அடுக்களைக்குப் போன அந்த வாரம், மிஸ் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ஒரு மணி, ஒன்றரை மணி என்று பதில் வந்தது. அத்தை எழுந்து, "ஹாஃப் பாஸ்ட் த்ரீ" என்றாள். மணி சொல்வதில் குழம்பிவிட்டாள் என்று நினைத்து மிஸ், "ஹாஃப் பாஸ்ட் ட்வெல்வ்" என்று திருத்தினார்.

"நோ மிஸ். த்ரீ."

"ஒய்?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "எவ்ரிபடி ஃபினிஷ். வெசல்ஸ் வாஷ். தென் ஐ ஈட்."

"வாட் டூ யூ ஈட்?"

"ரிமெய்னிங்."

இரண்டு பேர் சிரித்தார்கள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை, எங்கள் வீட்டு அடுக்களையை நடுத்தெருவில் திறந்து வைத்தது மாதிரி இருந்தது. அத்தை சரியான விடை சொல்லிவிட்ட நிம்மதியில் நின்றிருந்தாள். எலக்ட்ரீஷியன்தான் தமிழில் பைய, "எங்க உம்மாவும் அப்படித்தாங்க்கா" என்றார். மிஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் வீட்டில் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் வகுப்புக்கே முழுக்குப் போட்டிருப்பார்கள்.

அந்த வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரீயும் படித்தார். அன்றைக்கு மாடிப்படியில் அத்தையை நிறுத்தி வைத்துப் பேசினார். அம்பாசமுத்திரத்தில் அவர்களுடைய பெண்பிள்ளைகள் விடுதிக்குச் சமையல் மேற்பார்வைக்கு ஆள் தேடுகிறார்களாம். சம்பளம், தனி அறை, பிள்ளைகளோடு ஒரு மணிக்குச் சாப்பாடு. "யோசிச்சு சொல்லுங்கம்மா" என்றார். திரும்பும்போது பஸ் பாலத்துக்கு வந்ததும் அத்தை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதப் பாடம், கடினமான முடிவுகள். வெளியூரில் நல்ல வேலை கிடைக்கிறது, வீட்டில் உங்களை நம்பி இருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்? எலக்ட்ரீஷியன் போவேன் என்றார். நான் போகமாட்டேன் என்று நீட்டி முழக்கினேன். அத்தையின் முறை வந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஐ ஹேவ் டிசைடட் டு கோ." மிஸ் "வெரி குட்" என்றார். நானும் பாடம் என்றுதான் நினைத்தேன். சிஸ்டர் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை பரிமாறிவிட்டு, நாலாவதாக ஒரு தட்டு எடுத்து எங்களோடு உட்கார்ந்தாள். யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அண்ணே, நான் அம்பாசமுத்திரத்துக்கு வேலைக்குப் போறேன்" என்று விஷயத்தைச் சொன்னாள்.

"யாரக் கேட்டு முடிவெடுத்தே?"

"ஒங்களத்தான் கேக்குதேன். முடிவெடுத்துட்டுக் கேக்குதேன்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தங்கச்சிக்குச் சோறு போட வக்கில்லாம வேதக்காரங்க விடுதிக்கு அனுப்பிட்டான்னு ஊரு பேசும்லா?" என்றார். அம்மா, "அங்கன மீனும் கறியும்லா பொங்குவாங்க!" என்று பதறினாள். "பொங்குதவங்க பொங்கட்டும் மதினி, நான் பாத்துக்கிடத்தான் போறேன்" என்றாள் அத்தை. அதற்குமேல் அவள் யாரையும் ஒரு குறையும் சொல்லவில்லை. தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். எனக்கும் அவள்மேல் கோபம்தான். இனி அடுக்களை யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு வாரம் அப்பா அவளோடு பேசவில்லை. ஆனால் கிளம்பும் நாளில் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் வரைக்கும் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அதற்கு மறுநாள் அம்மாவும் நானும் சமையலில் இறங்கினோம். அப்பா இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார். அம்மா என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, பாத்திரம் தேய்த்து, அடுப்பு மெழுகி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமாக அது அவள் படுத்துத் தூங்கும் நேரம். "மணி என்னட்டி?" என்றாள். உப்புச் சாடிக்குப் பக்கத்தில் பார்த்தேன். "மூணரைம்மா." அம்மா தட்டைப் போட்டாள். சோற்றில் கை வைத்தவள் அப்படியே இருந்தாள். "ஒங்க அத்த இத்தன வருசமும் இந்நேரந்தான் சாப்பிட்டாளாட்டி?" நான் ஆமாம் என்றேன். அம்மாவால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

அத்தை இப்போதும் அம்பாசமுத்திரத்தில்தான் இருக்கிறாள், விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டில். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, அந்த வேலையை விட்டும் வெகுகாலமாகிறது. டைம்பீஸ் என் அடுக்களையில் இருக்கிறது. அத்தை ஃபோன் செய்தால் என் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் விசாரிப்பதற்கு முன்னால் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்பாள். இன்றைக்கும் கேட்டாள். "வாட் டைம் டிட் யூ ஈட் லன்ச்?"

"ஒன் ஓ கிளாக், அத்தை."

"நோ" என்றாள். "கரெக்ட் ஆன்சர் சொல்லுட்டி."

கையில் பாத்திரம் தேய்த்த ஈரம் காயவில்லை. டைம்பீசில் மணி மூன்றரை.