செம்பூரில் ஒரு பகல் ஜெயில்

சிறையிலிருந்து திரும்புவோருக்கு நிதி திரட்ட, செம்பூரில் இன்று ஆலோசனைக் கூட்டம். பணக்காரர்கள் டிக்கெட் வாங்கி, ஒரு பகல் போலிச் சிறையில் இருந்து கைதியின் வலியை உணர்வார்களாம்.

ஆறு வருடம் நிஜச் சிறையில் இருந்த தாராவி செல்வம் அண்ணனை, யோசனை சொல்ல அழைத்துப் போனேன்.

"ஏசி வைக்கலாமா?" என்றார் கூட்டத் தலைவி. பை கம்பெனி முதலாளி.

"வைங்க மேடம். உள்ள இருக்கதவிட வெளிய வந்தாத்தான் கஷ்டம். ஒருத்தனும் வேல தரமாட்டான். அதக் காட்டுங்க."

தலைவிக்குக் கண் கலங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எனக்குப் பை தைக்கத் தெரியும். உங்க கம்பெனில வேல இருக்கா மேடம்?"

"அது... போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் இருக்கேப்பா."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியால, டிக்கெட் இல்லாமலே காட்டிட்டாங்க."

அண்ணனுக்கு வேலை தரக்கூடியவர்கள் கமெண்டில் வாருங்கள். கண்ணீர் வேண்டாம், அது போதுமான அளவு வசூலாகிவிட்டது.