கொழும்புக்குப் போன பிள்ளை

மீமிசல் கரையில் வலை இழுக்கும்போது பாட்டெடுத்துக் கொடுப்பவன் ஆத்மநாதன். அவன் ஒரு வரி போட்டால், வடத்தைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் ஏலேலோ சொல்லி இழுப்பார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டைக்காரன், புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக நடப்பான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம், அவ்வளவுதான்.

அவனோடு கரையில் வடம் பிடித்துவந்த பதினாறு வயது மகன் திருப்பதி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டான், சோற்றையும் தொடவில்லை. கோடாங்கி உடுக்கடித்துப் பேயோட்டிப் பார்த்தும் தெளியாமல், ஆஸ்பத்திரிப் பின்கட்டில் மனசு சரியில்லாத பிள்ளைகளுக்கென்று இருந்த வார்டில் கொண்டுவந்து சேர்த்தான். ஊரில் கேட்டவர்களிடம், கொழும்பில் கடை வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி வைத்தான். பைத்தியக்காரனுக்குத் தகப்பன் என்ற பேர் வந்துவிடக் கூடாதே.

அந்த வார்டில் நர்ஸ் பொன்னம்மாள் சாயங்காலமானால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து பிள்ளைகளைப் பாடவைப்பார். பாட்டுக்கு வாய் திறந்த பிள்ளை பிறகு பேச்சுக்கும் திறக்கும் என்பது டாக்டர் சொன்ன வைத்தியம். திருப்பதி மட்டும் பாடமாட்டான். போர்வையை இரண்டு கையாலும் பிடித்து மெள்ள மெள்ள இழுத்துக்கொண்டிருப்பான். வீட்டில் என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம் ஆத்மநாதன், எங்களுக்குப் பாட்டெல்லாம் ஏதுங்க என்று மழுப்பிவிடுவான்.

ஒரு நாள் சாயங்காலம் வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் நல்லதம்பி நின்றான். மீமிசல்காரன், கூட வடம் பிடிக்கிறவன். கால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்திருந்தான். ஆத்மநாதன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். பஸ் ஏறிவிடலாம் என்று திரும்பியவன் கண்ணில் ஜன்னல் வழியே மகன் பட்டான். போர்வை இழுபட்டுக்கொண்டே இருந்தது. வடம் இழுக்கிற கை அது, பாட்டெடுக்க ஆளில்லாமல் தவிக்கிறது என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது இப்போது சுட்டது.

உள்ளே போய் மகன் பக்கத்தில் குந்தினான். குனிந்த தலையோடு ஒரு வரியை முணுமுணுத்தான். போர்வை இழுத்த கை நின்றது.

"என்னப்பா," என்றான் திருப்பதி, மாசக்கணக்கில் திறக்காத வாயால். "கரையில இப்புடியா பாடுவ? ஒண்ணும் கேக்கல."

நர்ஸ் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டார். ஆத்மநாதன் முக்காட்டை எடுத்தான். அலைக்கு மேலே கேட்கிற குரலில் மறுபடி போட்டான். திருப்பதி கரகரப்பாக ஏலேலோ என்றான். ஜன்னலுக்கு வெளியிலிருந்து இன்னொரு ஏலேலோ வந்தது.

"கொழும்பு இம்புட்டுக் கிட்டத்துலயாண்ணே இருக்கு?" என்றான் நல்லதம்பி.

ஆத்மநாதனுக்குக் காதுவரை எரிந்தது. அவனால் நிமிர முடியவில்லை. ஆனால் தான் நிறுத்தினால் பிள்ளையும் நிறுத்திவிடுவான். கண்ணைத் தரையில் வைத்தபடியே அடுத்த வரியை எடுத்தான்.