சிதம்பரம் கிளைக்கு எத்தனை பட்டன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்ள நான் சேர்ந்தபோது, ரிப்போர்ட்டெல்லாம் இருக்கும் சர்வருக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டுதான் இருந்தது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து அதைப் போட்டால் சர்வரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம், மொத்தமாக அணைக்கவும் செய்யலாம். கடலூரில் பத்துப் பேருக்கும் சிதம்பரம் கிளையில் மூன்று பேருக்கும் அது மனப்பாடம்.

"இதுவரைக்கும் யாரும் தப்பா எதுவும் செய்யலியேம்மா" என்றார் நிலையத்தை நடத்தும் டாக்டர்.

ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ ரிப்போர்ட் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டார்கள். யார் என்று பார்த்தால், யார் எப்போது என்ன செய்தார் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவில் வரிக்கு வரி 'அட்மின்' என்றுதான் இருந்தது. பதின்மூன்று பேரும் அட்மின். அது யார் கை என்று இன்றுவரை தெரியாது.

அன்று மாலையே டாக்டரின் சம்மதம் வாங்கி ஆளுக்கொரு கணக்கு உருவாக்கி, விவரத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். பழைய பாஸ்வேர்டை மாற்றினேன். யார் எதைத் தொடலாம் என்று ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக்கொண்டு வந்ததில், வீட்டைக் கழுவி விட்ட மாதிரி ஒரு திருப்தி. சிதம்பரத்துக்கு ரிப்போர்ட்டைப் பார்க்கவும் அச்சடிக்கவும் மட்டும் கொடுத்தேன். அங்கே யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு போன். சிதம்பரம் கிளை திறந்த நாளிலிருந்து வரவேற்பில் இருக்கும் அக்கா.

"என் பேரப் போட்டு உள்ள போனா மெனுவே இல்லம்மா. மொட்டையா இருக்கு."

"இனிமே அவ்ளோதான்க்கா. பாதுகாப்புக்காக மாத்திருக்கோம்."

"எம்மேல நம்பிக்கை இல்லன்னா டாக்டரே சொல்லியிருக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை என் பக்க நியாயத்தை மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். சிதம்பரத்தில் இறங்கி உள்ளே நுழைந்தால், ரிப்போர்ட்டுக்காக ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பிரிண்டர் அசையவில்லை. அக்கா ஒவ்வொரு ரிப்போர்ட்டாகத் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"தெனமும் காலைல இது மாட்டிக்கும். சர்வர்ல பிரிண்ட் சேவைய ஒருவாட்டி நிறுத்திட்டு ஓட வுடுவேன். இன்னிக்கு எங்கேர்ந்து வுடறது?"

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. என் கணக்கில் நுழைந்து அவர் சொன்னபடியே செய்தேன். பிரிண்டர் ஓடியது. அப்போதுதான் பார்த்தேன், திரையின் மேல் மூலையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"இது என்னக்கா?"

"அதுக்கு கீழதான் சர்வர அணைக்கற பட்டன் இருக்கு. கை தவறிப் பட்டுடப் போவுதேன்னு மறைச்சு வெச்சிருக்கேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் பதின்மூன்று பேரில் பாதுகாப்பைப் பற்றி யோசித்திருந்த ஒரே ஆள் அவர்தான். மதியம்வரை பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்கிற ஒவ்வொரு வேலையையும் நோட்டில் குறித்தேன். பிறகு பிரிண்ட் சேவையை நிறுத்தி ஓடவிடும் உரிமையை மட்டும் அவர் கணக்கில் சேர்த்து, அவரையே உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். பொட்டை உரித்துப் பார்த்தார். அடியில் அந்தப் பட்டன் இல்லை.

"அப்பாடா. இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?" என்றவர், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார்: "டாக்டருக்கு என்ன குடுத்திருக்க?"

"எல்லாம்தான்."

"எல்லாமா? அவுரு போன்லயே எதயாவது அமுக்கிட்டு நம்மளத்தான் கூப்புடுவாரு."

சாயங்காலம் கடலூர் திரும்பி இதைக் கொஞ்சம் மெருகேற்றி டாக்டரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "எனக்கும் பாக்கறது மட்டும் போதும்மா" என்றார். அடுத்த இரண்டு வாரம் அந்த நோட்டோடு மற்ற ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தேன்.